கிட்டுக்கு முதல் பேட்ச் அனுப்புவது எப்படி?

சனிக்கிழமை மதியம் காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு முகப்பில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில் உட்கார்ந்தால் இன்னும் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அந்தத் தடித்த சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி செல்போன் சிக்னல் வராது. ஹாட்ஸ்பாட் பிடிக்க வேண்டுமானால் முகப்புதான் கதி. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பற்றி அங்கே ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, கிட்ட வச்சு எல்லாரும் வேலை செய்றோம். அந்தக் கிட்டையே எழுதுறவங்களுக்கு நம்ம ஒரு திருத்தம் கொடுக்கணும்னா, கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் போட்டாப் போதுமா?"

போதாது. கிட்ஹப் தளத்தில் நம் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். ஆனால் அங்கே இருக்கும் கிட் களஞ்சியம் (மூலநிரலும் அதன் வரலாறும்) ஒரு நகல் மட்டுமே. உண்மையான வேலை மின்னஞ்சலில், ஒரு மடற்குழுவில் நடக்கிறது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் இதே வேலைக்கு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருள் அவர்களுக்குக் கிடைக்காமல் போனதுதான் காரணம். அந்த ஆண்டு ஜூலையிலேயே பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார். அன்றிலிருந்து வழக்கம் ஒன்றுதான்: யார் எழுதிய மாற்றமானாலும் 'பேட்ச்' என்ற மடலாகக் குழுவுக்கு வரும், எல்லார் கண் முன்னாலும் அலசப்படும், அதன் பிறகே பராமரிப்பாளர் கையில் சேரும்.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் கிட் எழுதப்பட்ட சி மொழியைப் புரட்டப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை யாரும் சி மொழியில் தடுக்கி விழவில்லை. இந்த மாற்றம் எதற்கு என்று நாலு வரி எழுதச் சொன்னால் விழுகிறார்கள். ஒருவர் குறை சொன்னால் அதற்குப் பதில் எழுதுவதில் விழுகிறார்கள். அதனால் அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் நின்று பேசுகிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கணினியைத் தயார் செய்தல்

களஞ்சியத்தை குளோன் செய்யுங்கள், அதாவது உங்கள் கணினிக்கு நகலெடுங்கள். டேட்டா குறைவாக இருக்கிறதே என்று '--டெப்த் 1' போட்டு வரலாற்றை வெட்டிவிடாதீர்கள். ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று 'கிட் பிளேம்', 'கிட் லாக்' வைத்துத் தோண்ட வேண்டியிருக்கும், அதற்கு முழு வரலாறு வேண்டும். டேட்டாவை மிச்சப்படுத்த '--ஃபில்டர்=பிளாப்:நன்' என்று கொடுங்கள். கமிட்டுகள் (பதிந்துவைத்த ஒவ்வொரு மாற்றமும்) எல்லாம் வந்துவிடும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும். பிளேம் போடும்போது நெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற 'மேக் டெவலப்பர்=1'. அந்த 1-ஐ விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் அப்படி மாற்றித்தரும் கம்பைலரின் எச்சரிக்கைகள் பிழைகளாகவே நின்றுவிடும், அடுத்தவர் சொல்வதற்கு முன் கணினியே சொல்லிவிடும். சோதனைகள் எல்லாம் 'டி' என்ற ஒற்றையெழுத்துக் கோப்புறையில் ஷெல் ஸ்கிரிப்டுகளாக, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகளாக இருக்கின்றன. மொத்தத்தையும் ஓட்ட நேரமாகும். நீங்கள் தொடும் பகுதிக்கான ஸ்கிரிப்டை மட்டும் அந்தக் கோப்புறைக்குள் போய் '-வி -ஐ' சேர்த்து ஓட்டினால், எங்கே உடைகிறதோ அங்கேயே நிற்கும்.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கிட் நிறுவியிருந்தாலும் 'கிட் சென்ட்-இமெயில்' இருக்காது. 'கிட்-இமெயில்' என்ற தனிப் பொதியை நிறுவ வேண்டும்.

டாக்குமென்டேஷன் கோப்புறையில் மூன்று கோப்புகளைப் படியுங்கள்: மைஃபர்ஸ்ட்கான்ட்ரிபியூஷன், சப்மிட்டிங்பேட்ச்சஸ், கோடிங்கைட்லைன்ஸ். முதலாவது புதியவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இரண்டாவதில்தான் சட்டதிட்டமெல்லாம் இருக்கிறது. மூன்றாவதை ஒரே மூச்சில் படித்தால் தூக்கம் வரும். வரித் தொடக்கத்து இடைவெளிக்கு டேப், ஒரு டேப் எட்டு எழுத்து அகலம், வரி நீளம் 80 எழுத்துக்குள் என்பதை மட்டும் இப்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தேவைப்படும்போது புரட்டலாம்.

எதைத் திருத்துவது?

சின்னதாக எடுங்கள். நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக. கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி ஆகிய திறந்த மென்பொருள் பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்காகக் கிட் திட்டமே 'மைக்ரோபிராஜெக்ட்' என்று குட்டி வேலைகளின் பட்டியல் தருகிறது. விண்ணப்பிக்காவிட்டாலும் அதைப் பார்த்தால் எந்த அளவு வேலையைப் புதியவர் தொடலாம் என்று பிடிபடும்.

அதில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய சோதனை ஸ்கிரிப்டுகளில் கிட் கட்டளையின் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குறி) வழியாக, சொல்லைத் தேடும் 'கிரெப்'புக்கோ சொல்லை மாற்றும் 'செட்'டுக்கோ அனுப்பியிருப்பார்கள். ஷெல்லில் பைப் போட்டால் கடைசிக் கட்டளை வென்றதா தோற்றதா என்பது மட்டுமே கணக்கு. இடப்பக்கம் இருக்கும் கிட் பாதியில் செத்து விழுந்தாலும், அதற்கு முன் துப்பியதில் கிரெப் தேடுவது கிடைத்துவிட்டால் சோதனை பாஸ். கிட்டைச் சோதிக்க எழுதிய சோதனையில் கிட் விழுந்ததே தெரியாமல் போகிறது! தீர்வு எளிது. வெளியீட்டை 'ஆக்சுவல்' என்ற கோப்பில் எழுதிவிட்டு, இரண்டு ஆம்பர்சண்ட் (&&) போட்டு, அடுத்த வரியில் அந்தக் கோப்பைக் கிரெப் செய்ய வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட வேலையிலும் ஒரு ஸ்கிரிப்டை மட்டும் எடுங்கள். எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் துடைத்துவிடலாம் என்ற ஆசை வரும். நாற்பது கோப்பு மாற்றத்தைச் சம்பளமில்லாமல் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அதோடு, அதே ஸ்கிரிப்டை வேறொருவர் இப்போது மாற்றிக்கொண்டிருக்கலாம். லோர்.கெர்னல்.ஆர்க் தளத்தில் குழுவின் பழைய மடல்கள் எல்லாம் இருக்கின்றன. கோப்பின் பெயரைப் போட்டு ஐந்து நிமிடம் தேடுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது மாஸ்டர் என்ற முதன்மைக் கிளையிலிருந்து உங்கள் வேலைக்குத் தனிக் கிளை பிரித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் 'கிட் டிஃப் --செக்' ஓட்டினால் வரிக்கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர், தலைப்பெழுத்து, கையெழுத்து

இது நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல். எங்கள் பக்கம் ஒருவர் பெயருக்கு முன் மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். அதற்கு விலாசம் என்றே பெயர். கல்லூரிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும், மின்னஞ்சலில் ஒன்றுமே இருக்காது. கிட்டுக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆட்கள். யார் எத்தனை கமிட் செய்தார்கள் என்று காட்டும் 'கிட் ஷார்ட்லாக்' போட்டால் ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். பிறகு 'மெயில்மேப்' என்ற கோப்பில் இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று எழுதிச் சரிசெய்யலாம்தான், ஆனால் முதலிலேயே ஒரு வடிவத்தை முடிவுசெய்து 'யூசர்.நேம்' அமைப்பில் போட்டுவிடுங்கள். மடலின் அனுப்புநர் பெயரும் அதுவாகவே இருக்கட்டும்.

கமிட் செய்யும்போது '-எஸ்' சேர்த்தால் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று உங்கள் பெயரும் முகவரியும் விழும். இது 2004-இல் லினக்ஸ் கெர்னலில் தொடங்கிய வழக்கம். "இது என் சொந்த வேலை, அல்லது இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி அது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதற்கும், ஏதோ சாட்பாட் எழுதிக்கொடுத்து உங்களுக்கே புரியாததற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். இது இல்லாத பேட்ச்சை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கமிட் செய்தி

எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகும் வீட்டுக் கணக்கைக் குறிப்பில் எழுதி, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் தப்பு விழுந்தால் அழிக்க மாட்டார். எதிர்ப்பதிவு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதுவார். "தொகை யாருக்கும் தெரியும்டா, எதுக்குன்னு எழுதுறதுதான் கணக்கு" என்பார். கமிட் செய்தி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரேடுதான் ஞாபகம் வரும். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். எதற்கு என்பதை நீங்கள் எழுதாவிட்டால் அதை வேறு எங்கேயும் தேடி எடுக்க முடியாது.

முதல் வரி 50 எழுத்து அளவுக்குள். எந்தப் பகுதி என்று சொல்லி முக்காற்புள்ளி, அப்புறம் ஒரு சின்ன வாக்கியம், கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம். வினை ஏவலில் இருக்க வேண்டும். 'மாற்றினேன்', 'மாற்றப்பட்டது' என்று எழுதக் கூடாது, 'மாற்று'. குறியீட்டுக்கு உத்தரவு போடுகிற மாதிரி. பள்ளியில் ஏவல் வினைமுற்று படித்தோமே, அது இங்கே உதவுகிறது.

ஒரு வரி விட்டு விளக்கம். இப்போது என்ன நடக்கிறது, அதில் என்ன கோளாறு என்பதை நிகழ்காலத்தில் முதலில் எழுதுங்கள். பிறகு தீர்வை ஏவலில் சொல்லுங்கள். வேறு வழி யோசித்துக் கைவிட்டிருந்தால் அதையும் ஒரு வரி. மேலே சொன்ன பைப் திருத்தத்துக்கு ஒரு மாணவி முதலில் எழுதியது இதுதான்: "சோதனைக் கோப்பை மேம்படுத்தினேன்." மேம்படுத்தினாய் சரி, என்ன கெட்டிருந்தது? மூன்று முறை திருப்பி எழுதிய பிறகு வந்த செய்தியின் சாரம் (அவள் எழுதியது ஆங்கிலத்தில்):

"இந்த ஸ்கிரிப்டில் இரண்டு சோதனைகள் கிட்டின் வெளியீட்டை நேராகக் கிரெப்புக்கு அனுப்புகின்றன. பைப்பின் இடப்பக்கக் கட்டளை தோற்பது ஷெல்லுக்குத் தெரிவதில்லை. எனவே கிட் இடையில் விழுந்தாலும் சோதனை வெற்றி என்றே காட்டும். வெளியீட்டைக் கோப்பில் எழுதி, பிறகு அந்தக் கோப்பைச் சோதி."

பத்து வருடம் கழித்து யாரோ எந்தக் கமிட் உடைத்தது என்று தேடும் 'கிட் பைசெக்ட்' ஓட்டிக்கொண்டே வந்து இந்தக் கமிட்டில் நின்றால், அவருக்கு இது போதும். ஒரு கமிட்டில் ஒரே விஷயம் இருக்க வேண்டும் என்று குழுவில் அடம் பிடிப்பதும் இதற்காகத்தான். எழுத்துப்பிழைத் திருத்தமும் நடத்தை மாற்றமும் ஒரே கமிட்டில் இருந்தால் எது உடைத்தது என்று பைசெக்ட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆங்கிலம் வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அலங்காரமான ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். முதலில் தமிழில் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிப்பாருங்கள். அவருக்குப் புரிந்தால் மொழி மாற்றுவது பெரிய காரியமில்லை.

அனுப்புதல்

'கிட் ஃபார்மட்-பேட்ச் -1' என்று போட்டால் கடைசிக் கமிட் ஒரு பேட்ச் கோப்பாக வரும். திறந்து பாருங்கள். செய்தி முடிந்து மூன்று கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளுக்குக் கீழே, டிஃப் தொடங்கும் முன் நீங்கள் எழுதுவது வரலாற்றில் ஏறாது. "இது என் முதல் பேட்ச்", "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம்" போன்றவற்றை அங்கே எழுதலாம். பல பேட்ச்சுகள் சேர்ந்த தொடர் என்றால் '--கவர்-லெட்டர்' சேர்த்து ஒரு முன்னுரை மடல் வையுங்கள். ஒற்றைப் பேட்ச்சுக்கு அது தேவையில்லை.

இந்தக் கோப்பை ஜிமெயில் பக்கத்தைத் திறந்து ஒட்டி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். நான் அப்படித்தான் செய்தேன். முதல் முறை ஹெச்டிஎம்எல் மடலாகப் போனதால் குழுவின் சர்வர் வாசலிலேயே திருப்பிவிட்டது. அடுத்து வெறும் எழுத்தாக மாற்றி அனுப்பினேன். டேப் எல்லாம் ஸ்பேஸாகி, நீளமான வரிகள் நடுவில் உடைந்து, பேட்ச் எங்கேயும் ஒட்டவில்லை. ஒருவர் பொறுமையாக அதைச் சுட்டிக்காட்டினார். அதற்கு மேலும் ஒரு முறை அதே தப்பைச் செய்தேன் என்பதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

'கிட் சென்ட்-இமெயில்' வழியாகவே அனுப்புங்கள். ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்று எடுத்து, மடல் அனுப்பும் எஸ்எம்டிபி சர்வரையும் 587 என்ற போர்ட்டையும் அமைப்பில் கொடுக்க வேண்டும். முதல் மடலை உங்களுக்கே அனுப்புங்கள். வந்த மடலைச் சேமித்து, வேறொரு கிளையில் 'கிட் ஏஎம்' போட்டு ஒட்டிப்பாருங்கள். ஒட்டினால் குழுவுக்கு அனுப்பலாம். முகவரி சப்மிட்டிங்பேட்ச்சஸ் கோப்பிலேயே இருக்கிறது. அந்தப் பகுதியில் சமீபத்தில் வேலை செய்தவர்களையும் 'கிட் ஷார்ட்லாக்' பார்த்து நகலில் சேருங்கள்.

இவ்வளவும் தலைவலி என்றால் கிட்கிட்கேட்ஜெட் என்று ஒரு பாலம் இருக்கிறது. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் திறந்து, ஏற்கெனவே அனுமதி உள்ள ஒருவர் உங்களை அனுமதித்த பின், '/சப்மிட்' என்று எழுதினால் அதுவே மடலாக்கி அனுப்பிவிடும். ஆனால் ரிவ்யூ செய்தவருக்குப் பதில் சொல்வது மடலில்தான். கிட்ஹப்பில் எழுதும் பதில் குழுவுக்குப் போகாது. எப்படியும் மடல் எழுதத்தான் போகிறோம் என்பதால் முதலிலேயே சென்ட்-இமெயில் பழகிவிடலாம் என்பது என் கட்சி.

பதில் வந்த பிறகு

முதலில் ஒரு விஷயம். "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம். நம் பிள்ளைகளின் கை தானாகவே அதை எழுதிவிடுகிறது. அங்கே பராமரிப்பாளரையும் எல்லோரும் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார்கள். முதல் தடவை எனக்கே கூசியது. வயதில் பெரியவரை வெறும் பெயர் சொல்லி எப்படி அழைப்பது? ஆனால் 'சார்' போட்டால் ஒரு கெடுதல் உண்டு. அவர் கேட்ட கேள்வி நம் காதில் உத்தரவாக விழும். "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டதும், "சாரி சார், மாற்றிவிடுகிறேன் சார்" என்று மாற்றி அனுப்பிவிடுவோம். அவர் உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். காரணம் இருந்தால் சொல்லுங்கள். சொன்ன பிறகு "அப்படியா, சரி, ஆனால் அதைக் கமிட் செய்தியில் எழுதுங்கள்" என்று பதில் வருவது வெகு சாதாரணம்.

நான் இன்னொரு விதமாக மாட்டிக்கொண்டேன். என் பேட்ச் ஒன்றுக்கு ஒரே வரியில், வணக்கம்கூட இல்லாமல், "இது தேவையா?" என்ற பொருளில் பதில் வந்தது. மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று நாள் அந்த மடலைத் திறக்கவே இல்லை. நாலாம் நாள் குழுவில் மற்றவர்களின் மடல்களைப் படித்தபோதுதான் தெரிந்தது, பல வருடம் பழகியவர்களும் ஒருவருக்கொருவர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு நாளில் அத்தனை மடலைப் படிக்கிறவர் சுற்றி வளைத்து எழுத முடியாது. சுருக்கத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் எழுதும் முறைக்கு வருவோம். மொத்த மடலையும் கீழே தொங்கவிட்டு மேலே எழுதாதீர்கள். அவர் எழுதியதில் தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் பதில். 'ரிப்ளை ஆல்' கொடுங்கள். தனி மடலில் விளக்கினால் மற்றவர்களுக்குத் தெரியாது, அதே கேள்வியை இன்னொருவர் கேட்பார். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று ஒப்புக்கொள்ளுங்கள், அல்லது ஏன் இல்லை என்று சொல்லுங்கள். சத்தமில்லாமல் தாண்டிப்போவதுதான் ரிவ்யூ செய்தவரை எரிச்சலாக்கும்.

உடனே அடுத்த பதிப்பை அனுப்பத் துடிக்கும். பொறுங்கள். உலகத்தின் வேறு வேறு மூலையில் இருக்கிறார்கள், நமக்குப் பகல் என்றால் சிலருக்கு நடு ராத்திரி. ஓரிரு நாள் விட்டால் மற்றவர்களின் குறிப்புகளும் வந்து சேரும். அப்புறம் 'கிட் ரீபேஸ் -ஐ' போட்டு அந்தக் கமிட்டையே திருத்துங்கள். "ரிவ்யூவில் சொன்னதைச் சரிசெய்தேன்" என்று மேலே இன்னொரு கமிட் வைப்பது இங்கே வழக்கமில்லை. பேரேட்டில் ஏறும் முன் குறிப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாமே.

'ஃபார்மட்-பேட்ச் -வி2' கொடுத்தால் தலைப்பில் இரண்டாம் பதிப்பு என்று விழும். '--இன்-ரிப்ளை-டு' வழியாக முதல் பதிப்பின் மடலோடு கோத்துவிடுங்கள். என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதி, '--ரேஞ்ச்-டிஃப்' சேருங்கள். பழைய பேட்ச்சுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டும். 2018-இல் வெளிவந்த 2.20 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஏற்கெனவே படித்தவர் மறுபடி முழுதும் படிக்க வேண்டியதில்லை. யாராவது நல்ல யோசனை தந்திருந்தால் சைன்ட்-ஆஃப்-பைக்கு மேலே 'ஹெல்ப்ட்-பை' என்று அவர் பெயரைச் சேருங்கள்.

பதிலே வராமலும் போகும். ஒரு வாரம் போல் பார்த்துவிட்டு, அதே மடல் தொடரில் ஒரு வரி நினைவூட்டினால் போதும்.

பேட்ச் எந்த நிலையில் இருக்கிறது?

பராமரிப்பாளர் எடுத்துக்கொண்டால் பேட்ச் முதலில் 'சீன்' என்ற கிளையில் தெரியும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர் கண்ணில் பட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. 2020 வரை அந்தக் கிளைக்கு 'பியு' என்று பெயர். ஆட்கள் பார்த்துச் சரி என்ற பிறகு 'நெக்ஸ்ட்'. அங்கே கொஞ்ச நாள் கிடந்து, ஒன்றும் உடையவில்லை என்றால் 'மாஸ்டர்'. எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், சீன் திண்ணை, நெக்ஸ்ட் முகப்பு, மாஸ்டர் வளவு. திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. 'வாட்ஸ் குக்கிங்' என்ற தலைப்பில் ஜூனியோ அவ்வப்போது ஒரு மடல் அனுப்புவார். எந்தப் பேட்ச் எந்த நிலையில் வெந்துகொண்டிருக்கிறது என்று அதில் இருக்கும். புது வெளியீடு நெருங்கும் வாரங்களில் புதிய வேலைகள் அப்படியே நிற்கும், பதறாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் அடுத்தவர் பேட்ச் ஒன்றை எடுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். 'பி4' என்ற கருவியிடம் மடலின் மெசேஜ் ஐடியைக் கொடுத்தால் தொடர் முழுவதையும் இறக்கித் தரும். ஒட்டி, கம்பைல் செய்து, சோதனையை ஓட்டுங்கள். எங்கே புரியவில்லை, எந்தக் கணினியில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். "இரண்டாம் பத்தியில் நீங்கள் சொல்லும் நிலையை என்னால் உருவாக்க முடியவில்லை, எந்தக் கட்டளை கொடுத்தீர்கள்?" என்று கேட்டாலே போதும், அது நல்ல ரிவ்யூ. முகப்பில் முதல் கேள்வி கேட்டானே, அந்தப் பையன் இப்போது இதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய சொந்தப் பேட்ச்சின் மூன்றாம் பதிப்பு ஒரு டேப்புக்காகத் திரும்பி வந்திருக்கிறது.